அறுநூறு பாதம்

ஜெயங்கொண்டம்
20 ஜூன் 2025

மதிப்பிற்குரிய புஷ்பம் டீச்சருக்கு,

வணக்கம். ஏழெட்டு முறை போன் செய்துவிட்டேன். மணி அடித்து ஓய்கிறதே தவிர நீங்கள் எடுப்பதாக இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் நம் பள்ளி வேன் பெரம்பலூர் கிளைக்கு வருவதால் ஓட்டுநர் செல்லதுரை அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். "இந்தக் காலத்துல யாரு சார் லெட்டர் எழுதுறா, லவ்வா?" என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னதும் வாயை மூடிக்கொண்டு பையில் வைத்துக்கொண்டார்.

உங்களை இங்கிருந்து மாற்றியதில் என் கை இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தாளாளர் விடுமுறையிலேயே முடிவெடுத்துவிட்டு, பள்ளி திறந்த அன்றுதான் ஆசிரியர்கள் கூட்டத்தில் சொன்னார். விளையாட்டு விடுதிக்கு வினோதினி போட்ட விண்ணப்பத்தில் அவள் ஓடிய நேரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர் உடற்கல்வி ஆசிரியர் புஷ்பம், பள்ளியின் பெயர் கெட்டதற்கு அவரே பொறுப்பு என்றார். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து பேசியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் அன்று கால் எழவில்லை.

எழுதுவதற்கு இரண்டு காரணம். தாளாளருக்குப் பேப்பரில் போட்டோ வந்ததிலிருந்து கிரேக்கர்களை விட மனமில்லை. போன வருடம் பழைய கிரேக்கர் பாடத்துக்காக ஒன்பதாம் வகுப்புக்கு நாம் விளையாட்டு விழா நடத்தினோமே, ஓட்டம், வட்டெறிதல், பார்லிக் கஞ்சி, வெற்றிப் பாட்டு, அதை அப்படியே பெரம்பலூர் கிளையிலும் நடத்த வேண்டுமாம். பாடக் குறிப்புகளை நான் எழுதி அனுப்புகிறேன். மைதானம் உங்கள் பொறுப்பு.

இன்னொன்று வினோதினி. பள்ளி திறந்து இத்தனை நாளாகியும் அவள் வரவில்லை. பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அவள் பெயரை வாசிக்கும்போதெல்லாம் பின் பெஞ்சில் யாராவது சிரிக்கிறார்கள்.

நான் சொல்வதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிப்ரவரியில் நம் மைதானத்தில் அப்படி ஓடிய பெண், ஏப்ரலில் அரியலூரில் நடந்த விடுதித் தேர்வில் தன் பழைய நேரத்தைவிட ஒரு விநாடிக்கும் மேலே பின்தங்கினாள் என்றால், இடையில் அவள் உடம்புக்கு ஏதோ ஆகியிருக்க வேண்டும். கிரேக்க வீரர்கள் அத்திப்பழமும் பாலாடையும் தின்றார்கள் என்று நான் சொன்னது வகுப்புப் பாடத்துக்காக. ஒரு மாதம் சோற்றைக் குறைத்து அதையே அவளுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை.

பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோகுலகிருஷ்ணன்


பெரம்பலூர்
27 ஜூன் 2025

கோகுல் சாருக்கு,

போனை வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கோபத்தில் நான் பேசினால் இந்த ஹாஸ்டலில் பக்கத்து அறை வார்டன் கதவைத் திறந்து பார்க்கிறார். எழுதினால் அடித்துவிட்டாவது திருத்திக்கொள்ளலாம். கடிதமே எழுதுங்கள்.

உங்கள் கை இல்லை என்பது தெரியும். உங்கள் வாயும் இல்லை. அதுதான் என் வருத்தம்.

அத்திப்பழம் பற்றி. நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கினேன், என் காசில். தினம் இரண்டு. பாலாடைக் கட்டிக்கு எங்கே போக, ஜெயங்கொண்டத்துப் பேக்கரியில் பன்னீர் வாங்கினேன். முட்டை கொடுத்தேன். சோற்றைக் குறைத்தது உண்மை, அந்தப் பிள்ளை வீட்டில் காலையும் மாலையும் ஊறிய சோறுதான் என்பதால். பார்லிக் கஞ்சி உங்கள் யோசனை. அதைப் பார்த்துவிட்டு அவள் அம்மா பொன்னாயி என்னிடம் வந்து, "எம்புள்ளைக்கு நீர்க்கடுப்பா டீச்சர், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டது நினைவிருக்கும். நம் ஊரில் பார்லி குடிப்பவர்களுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இது உங்கள் புத்தகத்தில் இல்லை.

அவள் பின்தங்கியதற்குக் காரணம் வயிறு இல்லை, தலை. அதில் நீங்கள் கட்டிய கிரீடம். வேப்பிலை வைத்தால் அம்மை போட்டதென்பார்கள் என்று புங்க இலையில் கட்டினீர்கள், சரி. அதோடு விட்டிருக்கலாம். ஜெயித்தவர்களுக்குக் கிரேக்கத்தில் பாட்டுக் கட்டுவார்கள், அப்பா பேரும் ஊர்ப் பேரும் வரும் என்று வகுப்பையே உட்கார வைத்துப் பாட்டு எழுதி, மைக்கில் பாடவும் வைத்தீர்கள். லாரிக்குக் கல் ஏற்றுகிற அவள் அப்பா பேரை மைக்கில் கேட்டு அந்தக் குடும்பமே அழுதது. தாளாளர் சும்மா இருப்பாரா, மதில் சுவரில் அவள் படத்தையும் ஓடிய நேரத்தையும் ஆள் வைத்து வரைந்துவிட்டார். பதினாலு வயதுப் பிள்ளையின் தலையில் இத்தனை பாரம்.

தேர்வன்று என்ன நடந்தது என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நன்றாகத்தான் ஓடினாள். முட்டி நன்றாக எழுந்தது, கை நேராக வந்தது, வளைவில் கொஞ்சம் தடுமாறினாலும் நேர்க்கோட்டில் பிடித்துவிட்டாள். என் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கடிகாரம் வேறு சொன்னது. அங்கே நின்ற ஒருவர் விண்ணப்பத்தையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒங்க ஸ்கூல்ல கடிகாரம் மெதுவா ஓடுமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நானும் பேசக் கூடாததைப் பேசினேன். "இத்தன பேரப் பாத்ததும் பயந்துட்ட. எங்கிட்ட இருந்த ஓட்டத்த அங்க ஒளிச்சு வச்சுட்ட" என்றேன். உடையார்பாளையம் தாண்டும் வரை சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சேலையில் முகத்தை மூடிக்கொண்டு நானும் தூங்குவது போல இருந்தேன்.

இங்கே முழங்கால் வலி கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போய் வருவதே பெரிய வேலையாக இருக்கிறது. உங்கள் கிரேக்கர்களை என்னிடம் அனுப்பாதீர்கள்.

அவளைப் போய்ப் பாருங்கள். பள்ளிக்கு வரச் சொல்லுங்கள்.

மரிய புஷ்பம்


ஜெயங்கொண்டம்
4 ஜூலை 2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மாலை, கங்கைகொண்ட சோழபுரம் போகும் டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, தோப்பு வழியாக நடந்து. வீட்டு வாசலில் பொன்னாயியும் வினோதினியும் உட்கார்ந்து முந்திரிக் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நம் வினோதினியின் விரல்களைப் பார்த்தேன். கொட்டைப் பால் பட்டு நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அங்கிருந்த வரை வெளியே வரவில்லை.

பொன்னாயி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தண்ணீர் கொடுத்துவிட்டு, "அந்தச் செவுத்தத் தாண்டித்தான சார் உள்ள வரணும். பசங்க 'செவுத்து ராணி, செவுத்துல மட்டுந்தான் ஓடுவா'ங்குறாங்களாம். எப்படி சார் வருவா?" என்றார். அப்புறம், "எங்க வூட்டுக்காரரு பேர வேற மைக்குல சொன்னீங்க. இப்ப அவரும் அந்த ரோட்டுல போறதில்ல" என்றார்.

பாட்டைக் குறித்து நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது கோபப்படவும் தெம்பில்லை. ஆனால் ஒன்று சொல்வேன் டீச்சர், அந்தப் பாட்டை எழுதிய வாரம்தான் ஒன்பதாம் வகுப்பு முழுவதும் விழித்திருந்து பாடம் கேட்டது. ஒரு வரி எழுதாத பையன்கள் கூட வினோதினியின் காலுக்கு என்ன சொல் பொருந்தும் என்று சண்டை போட்டார்கள். பதினோரு வருடமாகப் பாடம் நடத்துகிறேன், அப்படி ஒரு வாரம் எனக்கு வாய்த்ததில்லை. அதைக் குற்றமென்று சொன்னால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

தாளாளரிடம் சுவருக்கு வெள்ளை அடிக்கக் கேட்டேன். "பெயிண்டருக்கு எவ்வளவு குடுத்தோம் தெரியுமா? இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க முதல்ல அதத்தான் பாக்குறாங்க. ஒரு புள்ள வரலைனா வேற புள்ள வரும்" என்றார். நான் சரி என்று வந்துவிட்டேன். என் சரி எனக்கே அலுத்துப்போய்விட்டது.

அவள் வராவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கையில் விளையாட்டு விடுதிக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. அதற்கு முதலில் பத்தாம் வகுப்பை முடிக்க வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு முந்திரிக் கொட்டைதான்.

பெரம்பலூர் கிளைக்கான குறிப்புகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றீர்கள், ஆனால் தாளாளர் தேதியே குறித்துவிட்டார். மன்னிக்கவும்.

கோகுலகிருஷ்ணன்


பெரம்பலூர்
11 ஜூலை 2025

கோகுல் சாருக்கு,

குறிப்புகள் கிடைத்தன. தாளாளர் நேரில் வந்து, "புஷ்பம், போன தடவ கெட்டுப்போன பேர இந்தத் தடவ சரிபண்ணிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்காலியில் கூட உட்காரவில்லை. எனக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. சரி என்றேன். சரி சொல்வதில் நீங்களும் நானும் ஒன்றுதான்.

மைதானத்தில் கோடு போடுவதற்காக உங்கள் குறிப்பை இன்று உட்கார்ந்து படித்தேன். ஓட்டத்துக்கு 'ஒரு ஸ்டேடியம் என்பது அறுநூறு பாதம், ஏறத்தாழ இருநூறு மீட்டர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, ஒவ்வொரு நகரத்துக் கிரேக்கர்களும் தங்கள் தங்கள் பாதத்தால் அளந்ததால் ஊருக்கு ஊர் தூரம் மாறும், பிள்ளைகளுக்கு இது புரிவதற்காகப் பாதத்தால் அளக்கச் செய்யவும் என்று இருக்கிறது.

எடுத்த சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஜெயங்கொண்டத்தில் கோடு போட்ட அன்று நான் இல்லை. வாலிபால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆண்டிமடம் போயிருந்தேன். மறுநாள் காலை வந்தபோது சுண்ணாம்புக் கோடு தயாராக இருந்தது, இரண்டு முனையிலும் கல் பதித்திருந்தீர்கள். எவ்வளவு சார் என்று கேட்டேன். இருநூறு டீச்சர் என்றீர்கள். உங்கள் வார்த்தையை நம்பி ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்தேன்.

டேப் போட்டுத்தானே அளந்தீர்கள்? யாருடைய பாதம் அது? உடனே எழுதுங்கள். அடுத்த வெள்ளி வரை காத்திருக்க வேண்டாம், கூரியரில் போடுங்கள்.

புஷ்பம்


ஜெயங்கொண்டம்
12 ஜூலை 2025

டீச்சருக்கு,

போன் செய்தேன். இன்றைக்கும் எடுக்கவில்லை.

டேப் போடவில்லை. என் பாதம்தான், கான்வாஸ் ஷூவோடு. எனக்குக் கால் பெரிது என்று பிள்ளைகள் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். குதிகாலுக்கு முன் நுனிக்கால் வைத்து நான் நடக்க, வகுப்பு முழுவதும் கூடவே சத்தம் போட்டு எண்ணியது. நானூறு வந்தபோது இடுப்பு வலித்தது, நிறுத்தினால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்று விடவில்லை. அறுநூறு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். கிரேக்கர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை எனக்கு. இருநூறு மீட்டர் என்று குறிப்பில் எழுதியிருந்தேன், அதனால் இருநூறு என்று உங்களிடம் சொன்னேன். வேறு காரணம் எதுவுமில்லை.

இன்று காலை மைதானத்தில் யாரும் இல்லாதபோது கல்லுக்குக் கல் டேப் பிடித்தேன். நம்ப முடியாமல் திரும்பவும் பிடித்தேன்.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர் டீச்சர். எட்டு மீட்டர் குறைகிறது.

கோகுல்


பெரம்பலூர்
15 ஜூலை 2025

கோகுல் சாருக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் படித்தேன். சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.

அவள் வேகத்துக்கு எட்டு மீட்டர் ஓட ஒரு விநாடியும் சொச்சமும் ஆகும். அரியலூரில் அவள் எவ்வளவு பின்தங்கினாளோ அதற்கு இது சரியாக இருக்கிறது. வளைவில் ஓடிப் பழக்கமில்லாதவளுக்கு அதில் கொஞ்சம் போயிருக்கும். அதையும் கழித்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை தேர்வன்று நம் மைதானத்தில் ஓடியதைவிட வேகமாக ஓடியிருக்கிறாள். அவள் பயப்படவில்லை. எதையும் ஒளிக்கவில்லை. அன்று என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நான் என் கண்ணை நம்பாமல் கடிகாரத்தை நம்பினேன், அந்தக் கடிகாரம் உங்கள் ஷூவை நம்பியது.

இத்தனை நாளாக நீங்கள் அத்திப்பழத்தைக் குற்றம் சொன்னீர்கள், நான் பாட்டைக் குற்றம் சொன்னேன். நம் இரண்டு பேருக்கும் அவளைத்தான் குற்றம் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கு வயிறு சரியில்லை என்றீர்கள், நான் தலை சரியில்லை என்றேன். மைதானம் சரியாக இருக்கிறதா என்று இரண்டு வாத்தியார்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உங்களைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். இருபத்தைந்து வருடமாகக் கோடு போடுகிறவள் நான். வேறொருவர் போட்ட கோட்டில் டேப் வைக்காமல் வாட்ச் பிடித்தது என் வேலையில் நான் செய்யக் கூடாத ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர் காட்டிய எல்லையை நம்பி யாராவது பத்திரம் எழுதுவார்களா? நான் எழுதினேன்.

ஒரு கேள்வி. உங்கள் கிரேக்கர்கள் நேரம் எப்படிக் குறித்தார்கள்? அவர்களிடம் ஸ்டாப்வாட்ச் இருந்திருக்காதே.

இந்த வாரத்துக்குள் செய்ய வேண்டியது இரண்டு. தாளாளரிடம் சொல்லுங்கள், இந்த முறை எழுந்து நின்று சொல்லுங்கள். அப்புறம் பொன்னாயி வீட்டுக்குப் போங்கள். நானே வந்துவிடுவேன், ஆனால் சனிக்கிழமையும் இங்கே பயிற்சி வைத்திருக்கிறார்கள், லீவு கேட்டால் காரணம் கேட்பார்கள். விளையாட்டு விடுதிக்கு நான் தனியாக எழுதுகிறேன், கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

புஷ்பம்


ஜெயங்கொண்டம்
25 ஜூலை 2025

மதிப்பிற்குரிய டீச்சருக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். அவர்கள் நேரம் குறிக்கவேயில்லை. யார் முதலில் வந்தார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தெரியும், எவ்வளவு வேகத்தில் வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை. நானே வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றை ஊருக்கு ஊர் மாறுகிற பாதத்தால் அளந்தார்கள், இன்னொன்றை அளக்கவே இல்லை. அதனால் அவர்களுக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை. நாம்தான் பாதத்தை அங்கிருந்தும் கடிகாரத்தை இங்கிருந்தும் எடுத்து ஒன்றாகக் கட்டிவிட்டோம்.

தாளாளரிடம் சொன்னேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துவிட்டு, "எட்டு மீட்டர்தான சார். நீங்க சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்?" என்றார். வினோதினிக்குத் தெரியும் என்றேன். உண்மையில் அவளுக்கு அப்போது தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் அந்த வார்த்தைதான் வந்தது. "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்" என்றார்.

நான் இன்ஸ்பெக்ஷன் வரை காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வாளி வெள்ளையும் ஒரு பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு போய்ச் சுவரை அடித்துவிட்டேன். எனக்கு அந்த வேலை தெரியாது. அவள் படத்தின் கிரீடம் இன்னும் பச்சையாகக் கொஞ்சம் தெரிகிறது, இன்னொரு பூச்சு அடிக்க வேண்டும். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை எனக்கு மெமோ வந்தது. பள்ளிச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது. என்னையும் மாற்றுவார்கள் போலிருக்கிறது. பெரம்பலூருக்கு அனுப்ப மாட்டார்கள், நாம் இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருந்தால் கிளை தாங்காது.

அதற்கு முன்பே, சனிக்கிழமை மாலை, பொன்னாயி வீட்டுக்குப் போனேன். வினோதினி உள்ளே போகப் பார்த்தாள். "கொஞ்சம் நில்லுப்பா, தப்பு எம்மேல" என்றேன். நின்றாள். பாதத்தால் அளந்தது, எட்டு மீட்டர் குறைந்தது, அரியலூரில் அவள் ஓடியது முழுத் தூரம், அதிலும் வேகமாக ஓடியிருக்கிறாள் என்று எல்லாம் சொன்னேன். பொன்னாயிக்கு முழுதாகப் புரியவில்லை. "அப்ப எம்புள்ள பொய் சொல்லல, அவ்வளவுதான சார்?" என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் எனக்குக் காபி போட்டார். அந்தக் காபியைக் குடிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

நான் கிளம்பும்போது வினோதினி, "டேப்பு இருக்கா சார்?" என்று கேட்டாள். பையில்தான் இருந்தது. வாங்கி வைத்துக்கொண்டாள். அதன்பின் ஒரு வாரமாகியும் பள்ளிக்கு வரவில்லை. மாதம் முடிய ஆறு நாள்தான் இருக்கிறது. நான் சொன்னதை நம்பினாளா என்று தெரியவில்லை. நம்பாவிட்டால் குறை சொல்லவும் முடியாது, போன முறை என்னை நம்பியதால்தான் இத்தனையும்.

டீச்சர், லீவு கேட்டு ஒரு நாள் வாருங்கள். என்னால் இதற்கு மேல் முடியவில்லை.

கோகுலகிருஷ்ணன்


ஏலாக்குறிச்சி
27 ஜூலை 2025, ஞாயிறு

கோகுல் சாருக்கு,

லீவு கேட்கவில்லை. நேற்றுக் காலை பயிற்சிக்குப் போகாமல் பஸ் ஏறிவிட்டேன். திங்கட்கிழமை எனக்கும் மெமோ வரும். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நேராகப் பொன்னாயி வீட்டுக்குத்தான் போனேன். பிள்ளை அங்கே இல்லை. "ஸ்கூலுக்குப் போயிருக்கா டீச்சர், லீவு நாள்ல என்ன ஸ்கூலுன்னு கேட்டா பதில் சொல்லல" என்றார். உங்கள் வீட்டுக்கு வந்து உங்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன். பிறகு வேண்டாம், இது எனக்கும் அவளுக்கும் இருக்கிற கணக்கு என்று தோன்றியது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மைதானத்தில் தனியாக இருந்தாள். உங்கள் டேப்பின் ஒரு முனையை ஆணி அடித்துக் கட்டிவிட்டு, குனிந்து குனிந்து இழுத்துக்கொண்டு போனாள். நான் கேட் பக்கத்திலேயே நின்றேன். சுவரைப் பார்த்தேன். உங்களுக்கு வெள்ளை அடிக்கத் தெரியவில்லை என்பது உண்மைதான்.

உங்கள் கல் வரைக்கும் அளந்தாள். கல்லைத் தாண்டி இன்னும் அளந்துகொண்டு போய், புளியமரத்துக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டாள். கல்லுக்கும் குச்சிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு அந்தத் தரையையே பார்த்தாள். பார்த்தால் பெரிய தூரமில்லை சார். நம் ஆசிரியர் அறை நீளம் கூட இருக்காது.

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். ஓடி ஒளியவில்லை. பக்கத்தில் போனேன். வரும் வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்திருந்தேன், அங்கே எல்லாம் மறந்துபோய்விட்டது. "பஸ்ஸுல நான் சொன்னது தப்பும்மா. நீ பயப்படல" என்று மட்டும் சொன்னேன்.

அவள் குச்சியைக் காலால் அழுத்திக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு இதையும் நாந்தான டீச்சர் ஓடுனேன். இந்த எட்டு மீட்டரையும். எல்லாரும் அத விட்டுட்டு மிச்சத்த மட்டும் பாத்துட்டு என்னைய பொய்க்காரிங்குறாங்க."

இதற்கு உங்களுக்குப் பதில் வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள், நீங்கள் பாட்டு எழுதச் சொல்லிக் கொடுத்தவர்.

பிறகு ஓடட்டுமா என்று கேட்டாள். ஓடு என்றேன். வாட்ச் கழுத்தில் தொங்கியது, பழக்கத்தில் கையில் எடுத்தேன். அவள் அதைப் பார்த்த பார்வையில் திரும்ப முந்தானைக்குள் போட்டுவிட்டேன். குச்சியிலிருந்து மதில் பக்கத்துக் கோடு வரை ஓடினாள். மூன்று மாதம் ஓடாத உடம்பு, கடைசியில் திணறியது. முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். முதலில் வந்தவளும் அவள்தான், கடைசியில் வந்தவளும் அவள்தான்.

விளையாட்டு விடுதியிலிருந்து எனக்குப் பதில் வந்திருக்கிறது. தவறு பள்ளியினுடையது என்று குறித்துக்கொண்டார்களாம், அடுத்த சேர்க்கைக்கு மற்றப் பிள்ளைகளைப் போல இவளும் வரலாம். அவளிடம் சொன்னேன். "பாக்கலாம் டீச்சர்" என்றாள். சந்தோஷப்படவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. நாளை, திங்கட்கிழமை, பள்ளிக்கு வருவாள். அதற்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், உங்களிடம் சொல்லச் சொன்னாள். இனி இந்தப் பள்ளியில் யார் கோடு போட்டாலும் அவள் டேப் வைத்துப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் ஓட வேண்டுமாம். சரி என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன சரிகளில் இது ஒன்றுதான் எனக்கு வலிக்கவில்லை.

கிளம்பும்போது பையிலிருந்து அத்திப்பழம் இரண்டு கொடுத்தேன். "இத இன்னும் விடலையா டீச்சர் நீங்க?" என்று கேட்டுவிட்டு வாங்கித் தின்றாள். விரல் நுனி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

அந்த வெற்றிப் பாட்டு உங்களிடம் இருக்குமே. அதைக் கிழிக்காமல் வையுங்கள். பழைய பாட்டில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டருக்குத்தான் புகழ் இருக்கிறது. அவளுக்கு எட்டு மீட்டர் பாக்கி. அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து அதையும் எழுதச் சொல்லுங்கள். மைக் வேண்டாம். அவள் காதில் விழுந்தால் போதும்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அவள் பத்தாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். பெயர் வாசிக்கும்போது யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். எழுத வேண்டாம், நாளாகும். போன் பண்ணுங்கள், எடுக்கிறேன்.

மரிய புஷ்பம்